சீல் போட்ட கறி: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கும் இறைச்சிக் கூடம்), கறிக்கடை, கோழிக்கடைச் சுத்தம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எழுதுபவர் நகராட்சி இறைச்சிக் கூடங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்.

சென்னையில் தொட்டியிலிருந்து வரும் ஆட்டின் தொடையில் சீல் குத்தியிருப்பார்கள். "சீல் பார்த்து வாங்கு" என்று என் மாமியார் சொல்வார். அது மாநகராட்சி காசு வாங்கியதற்கான அடையாளம், அவ்வளவுதான் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
வாசகி, வியாசர்பாடி

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை மாதிரி மாநகராட்சிக் கூடங்களில் அறுக்கக் கட்டணம் உண்டு, அது உண்மை. ஆனால் சீலுக்கு அர்த்தம் வேறு. இந்த ஆட்டை ஒரு கால்நடை மருத்துவர் உயிரோடு ஒரு தடவை பார்த்தார், அறுத்த பிறகு இன்னொரு தடவை பார்த்தார், இரண்டிலும் குறை இல்லை என்பதுதான் அது.

ஏன் இரண்டு தடவை? சில நோய்கள் நிற்கிற ஆட்டில்தான் தெரியும். தள்ளாடுகிறதா, தலையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா என்பதெல்லாம் உரித்துத் தொங்கவிட்ட பிறகு யாருக்கும் தெரியாது. வெறிநாய் கடித்த ஆடு கூட உரித்த பிறகு மற்ற ஆடுகளைப் போலத்தான் இருக்கும். அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், சந்தேகம் வந்தால் அந்த ஆட்டின் மேல் கத்தியே படக்கூடாது. ரத்தம் காற்றில் பட்டதும் அந்தக் கிருமி விதை மாதிரி உறை போட்டுக்கொண்டு மண்ணில் பல வருடம் அப்படியே கிடக்கும்.

வேறு சில நோய்கள் அறுத்தால்தான் தெரியும். ஆடு நன்றாக மேய்ந்து கொழுத்து நிற்கும், உள்ளே ஈரலில் தட்டைப்புழு இருக்கும், நுரையீரலில் நீர்க்கட்டி இருக்கும், காசநோய்க் கட்டி இருக்கும். அதனால்தான் ஈரலைக் கையால் அழுத்திப் பார்ப்பதும், பித்தக் குழாயைக் கீறிப் பார்ப்பதும், நுரையீரலோடு ஒட்டியிருக்கும் நிணநீர் முடிச்சுகளை வெட்டிப் பார்ப்பதும். ஈரலில் மட்டும் சின்னக் குறை என்றால் ஈரலைக் கழித்துவிட்டுக் கறியை விடுவோம். உடம்பு முழுக்கப் பரவியது என்றால் மொத்தத்தையும் கழிக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் வந்த இறைச்சிக் கூட விதிகள், ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, ஒரு நாளில் 96-க்கு மேல் கூடாது என்கின்றன. ஒரு ஆட்டுக்கு 5 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தீபாவளிக்கு முந்தைய ராத்திரி, பொங்கல் முடிந்த கரிநாள், இந்த நாட்களில் பெரிய ஊர்த் தொட்டிகளில் எத்தனை ஆடு இறங்கும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் அந்த 5 நிமிடம் கிடைக்க வேண்டும் என்றால் மருத்துவர்கள் பல மடங்கு வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டி, புதுக் கட்டடம் கட்டித் திறந்து வைப்பதைவிட இதுதான் முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வார்டு உறுப்பினரிடம் எதையாவது கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

எங்கள் கடைக்காரர் காலை 5 மணிக்குக் கடை வாசலிலேயே ஆட்டை அறுத்து உரித்துத் தொங்கவிடுகிறார். கண் முன்னால் நடப்பதால் நம்பிக்கையாக இருக்கிறது. இதில் என்ன தப்பு?
வாசகர், ஈரோடு மாவட்டம்

நம்பிக்கை புரிகிறது. செத்த ஆடு இல்லை, நேற்றைய கறி இல்லை, அது வரைக்கும் உங்களுக்கு உறுதி. ஆனால் புதுக்கறி வேறு, சுத்தமான கறி வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிம ஒழுங்குமுறைகளின்படி கறிக்கடைக்குள் விலங்கை அறுக்கக் கூடாது, உயிருள்ள ஆடு கோழியைக் கறி விற்கும் இடத்தில் வைக்கவும் கூடாது. கூடத்தில் அறுத்துக் கடையில் விற்க வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நோயில்லாத ஆட்டின் சதைக்குள் கிருமி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். கிருமியெல்லாம் இரண்டு இடத்தில் குவிந்திருக்கிறது, தோலின் வெளிப்பக்கம் ஒன்று, குடலுக்குள் ஒன்று. இறைச்சிக் கூடத்துக்குப் போட்டிருக்கும் முக்கால்வாசி சுகாதார விதிகளும் இந்த இரண்டும் சதையில் படாமல் காப்பாற்றத்தான். தரையில் போட்டு உரிக்காதே, தொங்கவிட்டு உரி. உரித்த தோலைத் தரையில் பரப்பாதே, உடனே வெளியே அனுப்பு. ஒரு ஆட்டை அறுப்பது இன்னொரு ஆட்டின் கண்ணில் படாதபடி தடுப்பு வை (இது இரக்கத்துக்காகவும்தான், மிரண்ட ஆட்டின் கறியும் கெடும், அதைக் கீழே சொல்கிறேன்). குடலை எடுக்கும் முன்னால் உணவுக்குழாயையும் மலக்குடலையும் முடிச்சுப் போடு. தேர்ந்த கை இதைச் செய்தால் உள்ளே இருக்கிறது ஒரு சொட்டு வெளியே வராது. அவசரத்தில் கத்தி நுனி குடலைக் கீறிவிட்டால், பச்சையாக வழிவது நேராகத் தொடைக்கறியில்தான் போய் உட்காரும்.

அடுத்த தடவை உங்கள் கடைக்காரரின் கைகளைக் கவனியுங்கள். இடது கை தோலை இழுத்துப் பிடிக்கும், வலது கையில் கத்தி. தோலைப் பிடித்த அந்த இடது கை அடுத்து எங்கே போகிறது? பழகியவர்கள் அந்தக் கை சதையில் படாமலே உரிப்பார்கள், தோலின் ஓரம் உள்ளே சுருண்டு கறியில் ஒட்டாமல் வெளிப்பக்கமாகவே மடித்து வருவார்கள். பழகாதவர் அதே கையால் தொடையைத் தாங்கிப் பிடிப்பார், அழுக்கானதும் பக்கத்தில் இருக்கும் வாளியில் முக்குவார், கத்தியையும் அதே வாளியில் முக்குவார், கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே ஒரு துணியை நனைத்துக் கறியைத் துடைத்து விடுவார். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு இடத்தில் இருந்த அழுக்கு இப்போது ஆடு முழுக்கப் பரவிவிட்டது. கத்தியை 82 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று விதியில் இருப்பது இதற்காக. கத்தி இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்று வெந்நீரில் இருக்க மற்றதைப் பயன்படுத்தினால் வேலையும் தடைபடாது.

அப்புறம் வெட்டுக்கட்டை. நம் ஊரில் புளியமரக் கட்டை. கெட்டி மரமாக இருந்தால் விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் நடுவில் குழி விழுந்து, வெடிப்பில் பழைய கொழுப்பு தங்கியிருக்கும் கட்டையை இழைத்துச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். தினமும் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, உப்புத் தேய்த்துக் காயவிடும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.

சில நாள் ஆட்டுக்கறி கருஞ்சிவப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடுகிறது. கிழட்டு ஆடா?
வாசகி, தேனி

கிழட்டு ஆடாக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்தால் களைத்த ஆடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டின் சதையில் கிளைக்கோஜன் என்று ஒரு மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, சதையின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 7-லிருந்து மெல்ல இறங்கி 5.5-5.8 வரைக்கும் வரும். அந்தப் புளிப்புதான் கறியை இளஞ்சிவப்பாக, பக்குவமாக ஆக்குவது, கிருமி வளர்வதையும் தாமதப்படுத்துவது. தூரத்துச் சந்தையில் வாங்கி, லாரியில் நெருக்கி ஏற்றி, தண்ணி காட்டாமல் கொண்டுவந்து, இறக்கிய கையோடு அறுத்தால் அந்தச் சேமிப்பு வழியிலேயே தீர்ந்து போயிருக்கும். அமிலம் உண்டாக வழியில்லை. கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும்.

அதனால்தான் கூடத்தில் ஓய்வுப்பட்டி கட்டாயம். 2001 விதிகளில் பெரிய மாட்டுக்கு 2.8 சதுர மீட்டர், ஆட்டுக்கு 1.6 சதுர மீட்டர் இடம், நிழல், குடிக்கத் தண்ணீர் என்று எழுதியே இருக்கிறது. தீனியை நிறுத்தலாம், நிறுத்தினால் குடல் காலியாகி அறுப்பு சுத்தமாகும். தண்ணீரை மட்டும் கடைசி வரை நிறுத்தக் கூடாது.

ஹலால் முறையில் அறுத்தால் கறி சுத்தம் என்கிறார்கள். அறிவியல்படி சரியா?
வாசகர், ஆம்பூர்

கழுத்து ரத்தக்குழாய்களை ஒரே வீச்சில் அறுத்து ரத்தத்தை முழுதாக வடியவிடுவது நல்ல முறை. ரத்தம் தங்கிய கறி சீக்கிரம் கெடும். மயக்கிவிட்டு அறுக்க வேண்டும் என்று 2001 விதி சொன்னாலும், ஒரு சமூகத்தின் மதம் கேட்கும் முறையில் அறுப்பது குற்றமாகாது என்று 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் கறி சுத்தமாவதும் அழுக்காவதும் பெரும்பாலும் அறுப்புக்குப் பிறகு, உரிக்கும்போதும் குடல் எடுக்கும்போதும் நடப்பது. அதில் எல்லோருக்கும் ஒரே விதிதான்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் வருடா வருடம் கிடாவெட்டு. போன தடவை ஒரு கிடாவின் நுரையீரலில் எலுமிச்சை அளவுக்குத் தண்ணீர் நிரம்பிய கட்டி இருந்தது. அதை மட்டும் வெட்டி நாய்க்குப் போட்டுவிட்டோம். கறியைச் சாப்பிட்ட எங்களுக்கு ஏதாவது ஆகுமா?
வாசகர், சிவகங்கை மாவட்டம்

கறியைச் சாப்பிட்டதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நாய்க்குப் போட்டீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமங்களில் நல்ல மனதோடு எல்லோரும் செய்யும் காரியம் இது.

அந்தத் தண்ணீர்க் கட்டி ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். வளர்ந்த புழு இருப்பது நாயின் குடலில், சில மில்லிமீட்டர் நீளம்தான், நாய்க்கு அதனால் தொந்தரவே தெரியாது. நாயின் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழும், ஆடு மேயும், ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் போய்க் கட்டியாக வளரும். அந்தக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் உண்டாகும். அப்புறம் அந்த நாய் தெருவில் திரியும், வீட்டு வாசலில் படுக்கும், குழந்தைகள் அதைத் தடவிக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும். முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஆட்டுக்கு நடந்ததேதான் நமக்கும் நடக்கும், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, தேங்காய் அளவுக்கு வந்த பிறகு ஸ்கேனில் தெரிந்து, அறுவை சிகிச்சை செய்து எடுத்தவர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் உண்டு.

ஆகவே ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி தெரிந்தால் அதைக் குத்தி உடைக்க வேண்டாம். அந்த உறுப்பையே எரித்து விடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கட்டி இல்லாவிட்டாலும் நாய்க்குக் குடல், நுரையீரல் போடுவதானால் அரை மணி நேரமாவது கொதிக்கவைத்துப் போடுங்கள். அந்த நாய்களுக்குக் கால்நடை மருந்தகத்தில் பிராசிகுவான்டல் என்ற புழு மாத்திரை வாங்கிக் கொடுங்கள். இறைச்சிக் கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், நாய் நுழையக் கூடாது, கழிவை மூடிய தொட்டியில் வைக்க வேண்டும் என்று விதி வற்புறுத்துவதற்கு இந்தப் புழு ஒரு பெரிய காரணம்.

கிடாவெட்டில் நீங்கள் ஏற்கெனவே சரியாகச் செய்யும் ஒன்றும் இருக்கிறது. மரக்கிளையில் பின்னங்காலைக் கட்டித் தொங்கவிட்டு உரிக்கிறீர்களே, ஒழுங்கான கூடத்தில் இரும்புத் தண்டவாளத்தில் கொக்கி போட்டுச் செய்வதும் அதைத்தான். அதோடு ரத்தத்தைத் தரையில் விடாமல் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள், குடல் அலசுகிற இடத்தைக் கறி வெட்டும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் முதல் நாளே கிடாக்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சினை ஆட்டை வெட்டவே வெட்டாதீர்கள்.

கறியை நியூஸ் பேப்பரில் மடித்துத் தருகிறார்கள். பரவாயில்லையா?
வாசகி, கும்பகோணம்

வேண்டாம். அச்சு மை உணவில் படக்கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2016-லேயே எச்சரித்தது. பிளாஸ்டிக் பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மூடி போட்ட தூக்கு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். வாழை இலையும் நல்லதுதான்.

2018-ல் எழும்பூர் ரயில் நிலையத்தில் நாய்க்கறி பிடிபட்ட பிறகு வெளியே மட்டன் பிரியாணி சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். சரிதானே?
வாசகர், தாம்பரம்

அது நாய்க்கறி இல்லை. அந்த நவம்பரில் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் 2,000 கிலோவுக்கு மேல் கறி பிடிபட்டது, நீள வாலைப் பார்த்து நாய் என்று ஊரே பேசியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து ஆட்டுக்கறிதான் என்று சொல்லிவிட்டார்கள். வடமேற்கு மாநில ஆட்டு இனங்களில் வால் நீளமாக இருப்பது உண்டு. முதலில் கிளம்பிய வதந்தி போய்ச் சேர்ந்த வீடுகளில் பாதிக்குக் கூட அந்தச் சோதனை முடிவு போய்ச் சேரவில்லை, அதில் எத்தனையோ சின்னப் பிரியாணிக் கடைக்காரர்கள் வியாபாரம் இழந்தார்கள்.

நாய் என்று அலறிய சத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டோம். ராஜஸ்தானிலிருந்து சென்னை வரைக்கும் சாதாரணப் பார்சலாகக் கறி வரலாமா? குளிர்சாதன வண்டியில் தொங்கவிட்டு, விடாமல் குளிரிலேயே கொண்டுவர வேண்டிய பொருள் அது. தெர்மாகோல் பெட்டியில் போட்ட ஐஸ் அவ்வளவு தூரம் தாங்காது. பிரியாணி சாப்பிடுங்கள், கடையில் உரிமம் மாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். 14 இலக்க எண் இருக்கும், 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சின்னக் கடைக்கான பதிவு. கறி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கோழிக்கடையில் கழுத்தறுத்து டிரம்மில் போடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டு ஐந்தாறு தடவை கழுவுகிறேன். போதுமா?
வாசகி, கோயம்புத்தூர்

டிரம் மோசமான பழக்கம். முந்தைய கோழியின் எச்சத்திலும் ரத்தத்திலும் அடுத்த கோழி புரள்கிறது. தலைகீழாகச் செருகும் கூம்பு விலை அதிகமில்லை, அதில் ரத்தம் ஒழுங்காக வடியும், கோழியும் அடித்துக்கொள்ளாது. உங்கள் கடைக்காரரிடம் நாலு பேர் சேர்ந்து சொல்லிப் பாருங்கள், வாங்கி மாட்டிவிடுவார். இறகு பிடுங்க முக்கும் வெந்நீரையும் அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். காலையில் வைத்த அண்டாத் தண்ணீர் மத்தியானம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கழுவுவதைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரிக் கிருமிகள் தண்ணீரோடு தெறித்து, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லியிலும் தட்டிலும் போய் ஒட்டும். மஞ்சள் வாடையைக் குறைக்கும், கிருமியை ஒழிக்கும் அளவுக்கு அதற்குச் சக்தி இல்லை. ஒழிப்பது அடுப்புதான். கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், நம் குழம்புக் கொதிநிலை அதைத் தாராளமாகத் தாண்டும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி எடுத்துவிட்டு, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள்.

என் கணவர் ஆட்டுத்தொட்டியில் உரிக்கும் வேலை செய்கிறார். மூன்று மாதமாகச் சாயங்காலம் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது, இடுப்பும் மூட்டும் வலி. மலேரியா, டைபாய்டு இல்லை என்கிறார்கள். தொழிலால் வந்திருக்குமா?
வாசகி, சேலம்

வந்திருக்கலாம் அம்மா. புரூசெல்லோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, ஆடு மாடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி. தொட்டி வேலை செய்பவர்கள், ஆடு வளர்ப்பவர்கள், எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்கள், இவர்களுக்குக் கையில் இருக்கும் சின்ன வெட்டுக்காயம் வழியாகவும், தெறிக்கும் நீர் கண்ணில் பட்டும் தொற்றும். சினை ஆட்டின் கருப்பையில்தான் இந்தக் கிருமி மிக அதிகம். சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்ற விதி ஆட்டுக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், உரிக்கிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதோடு ஒத்துப்போகின்றன, ஆனால் காசநோயிலும் சாயங்காலக் காய்ச்சலும் ராத்திரி வேர்வையும் வரும், அதனால் இரண்டுக்கும் சோதனை செய்தே ஆக வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், முதல் வார்த்தையாக "இவர் தொட்டியில் ஆடு உரிக்கிறவர்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தொழில் தெரியாததால்தான் இந்த நோய் மாதக்கணக்கில் தப்பிப் போகிறது. புரூசெல்லா ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். அதுதான் என்றால் வழக்கமாக இரண்டு மருந்து சேர்த்து 6 வாரம் கொடுப்பார்கள். பத்து நாளில் காய்ச்சல் நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். முழுக்கச் சாப்பிட வையுங்கள்.

இன்னொன்று. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம், இறைச்சிக் கூடத்துக்கும் இது பொருந்தும். கையுறை, கம்பூட், ஏப்ரன் தர வேண்டியது கூடத்தை நடத்துபவரின் பொறுப்பு. 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூடத்தில் வேலைக்கு வைக்கவே கூடாது, பள்ளிக்கூட லீவில் பையனைக் கூடமாட ஒத்தாசைக்கு அனுப்புவதும் வேண்டாம். உங்கள் கணவரோடு வேலை செய்யும் மற்றவர்களுக்கும் இப்படிக் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். குணமாகும் வரை அவரைக் கத்தி பிடிக்க அனுப்ப வேண்டாம்.